கம்பம் நட்ட அன்று நிறுத்திய பொடி

உங்கள் வீட்டில், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதாத மருந்து டப்பா எத்தனை இருக்கிறது? எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். சித்ரகலா வீட்டில் ஆறு இருந்தன. ஐந்து காலி.

பொங்கலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கம்பெனி வேனில் திருப்பூர் போய்வரும் ஓவர்லாக் டைலர் அவர். வயது முப்பத்துநான்கு. பனியனுக்குக் கழுத்துப்பட்டி வைப்பதில் அந்த லைனிலேயே அவர் கைக்கு ஈடு கிடையாது. அவர் ஒருநாள் வராவிட்டால் பின்னால் இருக்கும் ஆறு மெஷின்கள் துணிக்குக் காத்து நிற்கும். கணவர் சிவராஜ் உட்பட எல்லோரும் அவர் சொல்லைக் கேட்டதற்கு அந்த மெஷினும் ஒரு காரணம்.

2006 மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் நாலு நாளில் இறங்கியது. மூட்டுவலி இறங்கவில்லை. நூல் வெட்டும் கத்தரியைப் பிடிக்க விரல் மடங்க மறுத்தது. அரசு ஆஸ்பத்திரியில் வலி மாத்திரை கொடுத்து, “சரியாக மாசக்கணக்கில் ஆகும்” என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். சரக்கு அனுப்பத் தேதி குறித்துவிட்ட ஷிப்மெண்டுக்கு உண்மை ஆகாதே. சூப்பர்வைசர் செங்கோட்டையன் வந்து கேட்டார்: “ஏனுங்கக்கா, நீங்க தேறி வர்ற வரைக்கும் வேற ஆளப் போட்டுக்கட்டுங்களா?”

தன்மையாகத்தான் கேட்டார். அந்தத் தன்மைதான் சித்ரகலாவைப் பயமுறுத்தியது.

ஞாயிறு காலை டிவியில் ஒரு வைத்தியர் வருவார். காவித் துண்டு, பின்னால் பச்சைச் செடிப் படம். “பக்கவிளைவே கிடையாது. இது மருந்தே அல்ல, மூலிகை” என்பார். அதே முகம் நாளிதழில் செய்தி மாதிரியே அரைப் பக்கத்துக்கு வரும். ‘விளம்பரம்’ என்ற சொல் மட்டும் எறும்பளவு. எட்டிக்கொட்டையும் மூலிகைதான். அரளி விதையும் மூலிகைதான். மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா மாத்திரையும் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். அளவு மீறினால் அதுவும் காதை அடைக்கும். இதைச் சொல்ல அந்தப் பத்திரிகையில் கால் பக்கம்கூட யாரும் ஒதுக்கவில்லை.

வெள்ளகோவில் கல்யாண மண்டபத்தில் வைத்தியரின் மாத முகாம். சிவராஜ் பொடி வாங்கி வந்தார். மூன்றாம் நாள் சித்ரகலாவின் விரல் மடங்கியது. ஒரு வாரத்தில் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். நன்றாகப் பசித்தது. தை பிறப்பதற்குள் கன்னம் உருண்டுவிட்டது.

“ஏனக்கா, ஊட்டுல தெனமும் கறிச்சோறுங்களா?” என்று கேட்டார் செக்கிங் பகுதி மயிலாள். “மூஞ்சி பூரியாட்டம் இருக்குது.”

“கண்ணு வெக்காத மயிலா. காச்சல்ல போன ஒடம்பு, இப்பத்தான் திரும்பி வருது.”

திரும்பியது முகமும் வயிறும் மட்டும்தான். கையும் காலும் குச்சியாகிக்கொண்டிருந்தன. சேலைக்குள் அதை யார் பார்த்தார்கள்?

பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டி நாள் குறித்து, கோயில் முன் முக்கிளை மரக் கம்பம் நட்டார்கள். கம்பம் பிடுங்கும்வரை பதினைந்து நாள் அந்த ஊரில் தாளிப்பு இல்லை, கறி இல்லை. நேர்ந்துகொண்டவர்கள் மருந்தும் தொடமாட்டார்கள். காய்ச்சலில் கிடந்தபோது சித்ரகலா நேர்ந்திருந்தார். பொடி டப்பாவை மூடிப் பரணில் வைத்துவிட்டு, தினமும் விடிகாலையில் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றப் போனார்.

நாலாம் நாள் எழ முடியவில்லை. குமட்டல். ஐந்தாம் நாள் கம்பத்தடியில் குடத்தோடு விழுந்தார். பல்லடம் சாலையில் ஒரு கிளினிக்கில் டாக்டர் கேட்டார்: “ஏதாச்சும் மருந்து சாப்பிடறீங்களா?”

“இல்லீங்க. ஒண்ணுமில்லீங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. அம்மனுக்கு முன்னால் அந்தப் பொடி மருந்து, அதனால் நிறுத்தினார். டாக்டருக்கு முன்னால் அது மூலிகை; அதனால் சொல்லவில்லை. குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஊரில் “நேர்ந்ததுல ஏதோ கொறை வெச்சுட்டாளாட்டம் இருக்குது” என்றார்கள். சிவராஜ் அதை நம்பி, இன்னொரு நேர்ச்சையும் சேர்த்துக்கொண்டார். அதில் இரண்டு நாள் போனது.

நினைவு தப்பிய பிறகுதான் கோவைக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். வயிற்றில் கருஞ்சிவப்புக் கோடுகள். மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றார் சிவராஜ்.

“மருந்தைக் கேக்கல. பொடி, லேகியம்?”

“அதுங்களா” என்றார் சிவராஜ். “அது மருந்தில்லீங்க, மூலிகைங்க.”

“எப்ப நிறுத்தினீங்க?”

“கம்பம் நட்ட அன்னிக்குங்க.”

டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு விளக்கினார். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகத்தான் உடம்பு காட்டுகிறது. மாதக்கணக்கில் அது வெளியிலிருந்து வந்தால், உயிருக்குத் தேவையான அதை உடம்பு தானாகச் சுரப்பதை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இருக்காது. அதே மருந்தை ஊசியில் ஏற்றி உயிரை மீட்டார்கள்.

உயிர் மீண்டது. ஆனால் அந்த ஸ்டீராய்டால் இடுப்பு மூட்டு எலும்பு செத்துக்கொண்டிருக்கிறது. வலது காலால் பெடலை அழுத்த முடியாது. அந்த மெஷினில் இப்போது வேறு ஆள். சித்ரகலா தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார்.

மிச்சம் இருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு சிவராஜ் மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனார். “பிரிச்ச டப்பா. நீங்களே எதையாவது கலந்திருக்கலாம்னு அந்த வைத்தியன் சொல்லுவான். சீல் உடைக்காத டப்பாவும் பில்லும் வேணும்” என்றார்கள். இரண்டு மாதமாக அவர் முகாம் முகாமாக அலைகிறார். பில் கேட்ட ஆள் என்று தெரிந்துவிட்டதால் அவருக்கு மட்டும் விற்க மறுக்கிறார்கள். டப்பாவின் பெயரும் மாறிவிட்டது. டிவியில் முகம் மாறவில்லை.

“என்ற காலு போச்சுங்க” என்கிறார் சித்ரகலா. “காங்கேயத்துல, பல்லடத்துல எத்தனை பேரு மூஞ்சி உருண்டையாச்சுன்னு சந்தோஷமா இருக்காங்களோ.”

அப்படி ஒரு பொடியை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுச் சட்டென நிறுத்திவிடாதீர்கள். டப்பாவோடு இன்றே ஒரு டாக்டரிடம் போய், எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். பிரிக்காத டப்பா ஒன்று பில்லோடு உங்களிடம் இருந்தால், அதை மருந்து ஆய்வாளரிடம் கொடுத்து, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். சிவராஜுக்கு விற்கமாட்டார்கள். உங்களுக்கு விற்பார்கள்.