நாலாவது வீட்டுப் பொங்கல்

போன மாதம் ஓரகடத்தில் என் மகன் வாங்கிய தரைத்தள ஃப்ளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். எங்களுக்கு முன்னால் உள்ளே நுழைந்தது ராணி.

ராணி, பக்கத்து ஊர் வடக்குப்பட்டு தேவகியின் பசுமாடு. ஏழு மாதச் சினை. சுற்றிலும் அபார்ட்மென்ட்டாக முளைக்கிறதா... முகூர்த்த நாளில் அதற்கு மூச்சுவிட நேரமில்லை. அன்று விடிந்ததிலிருந்து எங்கள் வீடு நாலாவது. வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம்.

நான் மட்டும் விடுவேனா? புண்ணியம் கிடைக்கிற இடத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஒரு சீப்புப் பழம், அரைக் குண்டான் பொங்கல் - என் கையாலேயே ஊட்டினேன். "போதும்மா, மூணு வூட்ல துன்னுட்டு வந்துகீது" என்றாள் தேவகி. "நீ சும்மா இரும்மா" என்று அடக்கிவிட்டேன்.

பதினோரு மணிக்கு வெளியே பார்க்கிங்கில் அலறல். "ஐயோ ராணி, இன்னாச்சும்மா ஒனக்கு!" ஓடிப்போய்ப் பார்த்தால், மாட்டின் இடப்பக்க வயிறு திம்மென்று உப்பிக் கிடக்கிறது. நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறது. என் மகன் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

பைக்கில் வந்த கால்நடை டாக்டர், எடுத்த எடுப்பில் தேவகி மேல் பாய்ந்தார். "கம்பெனி கேன்டீன்ல மிஞ்சின சோத்தைக் கொட்டினியா? உண்மையச் சொல்லு."

"சத்தியமா இல்ல சார்" என்று அழுதாள். என்னை ஒரு பார்வை பார்த்தாளே தவிர, காட்டிக்கொடுக்கவில்லை. பட்டுப்புடவையில், சொந்தபந்தம் நடுவில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

"என்ன தின்னுச்சுன்னு தெரியாம நான் என்ன வைத்தியம் பண்றது? மாடு செத்துடும்மா!"

"நான்தான் சார்..." சீப்பையும் குண்டானையும் ஒப்புக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் திட்டவில்லை. ராணியின் வாய்வழியே குழாயை இறக்கினார். வந்தது வெறும் நுரை. அதே குழாயில் எண்ணெயை ஊற்றிவிட்டு, "இனி ஏப்பம் விடணும். விட்டா பிழைச்சுடும்" என்றார்.

காத்திருந்த நேரத்தில்தான் பாடம் நடத்தினார். மாட்டு வயிற்றில் நாள் முழுக்க வாயு உண்டாகும். அது வெளியேற, உணவுக்குழாயின் வாசலில் இருக்கும் தசை தளர வேண்டும். 'தளர்ந்துகொள்' என்று அதற்குச் சொல்வதும் ஒரு வாயுதானாம் - நைட்ரிக் ஆக்சைடு. நரம்பு நுனி துளியூண்டு விடும். சில நொடிதான் ஆயுசு. ஆனால் பொங்கலும் பழமும் புளித்து, வாயு நுரையாகி வாசல்வரை நின்றால் நரம்பு அந்தச் சேதியை அனுப்பாது. நுரை மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்தாயிற்றே! எண்ணெய் நுரையை உடைத்தால்தான் கதவு திறக்கும்.

"அந்த வாயுவா?" - என் மகன் வாய் பிளந்தான். லாரி கம்பெனியில் புகை டெஸ்ட் பண்ணுகிறவன். "அது கூடினா எங்க லைன்ல வண்டியையே ரிஜெக்ட் பண்ணுவோம் சார்."

"வயித்துலயும் கூடினா வம்புதான். குடல் வேலை செய்யாம படுத்துக்கும். அளவா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் இருந்தார். பெருந்தன்மை!

அரை மணி ஆகியிருக்கும். ராணி கழுத்தை நீட்டியது. பார்க்கிங் முழுக்கக் கேட்கும்படி ஒரு ஏப்பம்... அப்பப்பா, அந்த நாற்றம்! தேவகி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சாப்பிட்டு எழுந்து ஏப்பம் விடுகிற என் வீட்டுக்காரரை முப்பது வருஷமாகத் திட்டுகிறவள் நான். அன்று மத்தியானம் அவர் தாராளமாக விட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

திணிப்பது சுலபம். நல்லதைச் செய்கிறோம் என்ற நினைப்பில் திணிக்கும்போது, போதும் என்கிற குரல் காதில் விழுவதே இல்லை.

நேற்று மாடி வீட்டில் கிரகப்பிரவேசம். ராணி கீழே வந்து நின்றது. அந்த அம்மாள் தட்டு நிறையப் பொங்கலோடு வர, தேவகி குறுக்கே புகுந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"மாடு வந்து நின்னுட்டுப் போவும்மா. துன்றதுக்கு நான் கீறேன்."