ஒரு தடவைக்கு ஒரு பாகம்

லிப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு விஷயங்கள் தலைகீழ்ப் பாடம். ஒன்று, அவர் பொறுப்பிலிருந்த நாற்பத்தாறு லிப்டுகளின் முனகல். மற்றொன்று, எட்டு வயதில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த 'ஓட்டைக் கப்பல்' என்ற டிவி தொடர். கிழட்டுக் கேப்டன் ஒருவர். அவருக்குச் சமையல்காரராக ஓர் ஆடு. பாகம் தவறாமல் கப்பல் ஓட்டையாகும், ஆடு எதையாவது தின்று தொலைக்கும். மொத்தம் முப்பத்தொன்பது பாகம், ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிடம்.

அவரும் மனைவியும் பிரிந்தபோது மகளுக்கு ஐந்து வயது இரண்டு மாதம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் பத்திலிருந்து இரண்டு மணி வரை குழந்தை அவரிடம் இருக்கலாம் என்று ஏற்பாடு. முதல் சனிக்கிழமை, சுண்டெலி என்று அவர் செல்லமாகக் கூப்பிடும் அந்தப் பெண், செருப்பைக் கழற்றாமல் கதவோரமே நின்றாள். கையைப் பிசைந்த மனிதர் டிவியில் 'ஓட்டைக் கப்பல்' முதல் பாகத்தைப் போட்டுவிட்டார். ஆடு வரைபடத்தை மென்றதும் அவள் ஓரடி உள்ளே வந்தாள்.

"அய்யோ! இப்ப எப்படிப்பா வீட்டுக்குப் போவாங்க?"

"அடுத்த தடவை வா, தெரியும்."

அதுவே வழக்கமாகிவிட்டது. லிப்டுக்கு மாதம் ஒரு சர்வீஸ்தான். ஆசைப்பட்டுக் கிரீஸை அப்பினால் தூசிதான் சேரும் என்பது தொழிலில் அவர் கண்டது. வீட்டுக்கும் அதையே சட்டமாக்கினார். தடவைக்கு ஒரு பாகம். முப்பத்தொன்பது பாகம் இருந்தால் பத்தொன்பதரை மாதம் அவள் ஆசையோடு வருவாள் என்று மனக்கணக்கும் போட்டு வைத்திருந்தார். அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுப்பா" என்று அவள் சிணுங்குவது மாடிவரை கேட்கும். மேல்வீட்டுத் தையல்கார அக்கா படியிலிருந்தே சத்தம் போடுவார்.

"பிள்ளைக்கு மருந்தாடா குடுக்கிற, வேளைக்கு ஒண்ணுன்னு?"

"பேசாம துணியத் தைங்கக்கா."

முப்பத்தொரு பாகம் முடியும்வரை ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அடுத்த முறை குழந்தையை விட வந்த அவள் அம்மா வாசலிலேயே சொன்னார்: "எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. வியாழக்கிழமை கிளம்புறோம். லீவுக்கு அனுப்புறேன்."

உள்ளே வந்ததும் சுண்டெலி ரிமோட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். "எல்லாத்தையும் இன்னிக்கே பாத்துடலாம்பா."

மீதமிருந்த எட்டுப் பாகமும் ஓட மூன்று மணி இருபது நிமிடம் போதும். கையில் நான்கு மணி நேரம் இருந்தது.

"ஒண்ணுதான்" என்றார். "மிச்சத்தைப் பாக்கணும்னா நீ வந்துதானே ஆகணும்?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

முப்பத்திரண்டாம் பாகம் முடிந்தது. நான்கு முறை கேட்டுப் பார்த்தாள். கடைசியில், "கப்பல் முழுகிடுமா? அதையாவது சொல்லேன்" என்றாள்.

"வந்து பாரு."

மிச்ச நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவரும் டிவியை அணைத்துவிட்டு அருகில் சும்மா இருந்தார்.

அந்த லீவுக்கு அவளுக்குக் காய்ச்சல். அடுத்த லீவில் பள்ளிச் சுற்றுலா. பத்து மாதம் கழித்து வந்தபோது மகள் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். செருப்பைத் தானே கழற்றி ஓரமாக வைத்தாள். முப்பத்துமூன்றாம் பாகத்தை அவர் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார். ஆடு கேப்டனின் தொப்பியைத் தின்றது. ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். அவள் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு மிச்சம் எல்லாத்தையும் போடட்டுமா?" என்றார்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அது சின்னப் பசங்க பாக்கிறதுப்பா." அவர் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, சட்டென்று நகர்ந்து ஒட்டி உட்கார்ந்தாள். "உனக்குப் பிடிக்கும்ல? நீ பாரு. நான் கூட உக்காந்திருக்கேன்."

அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். ஏழு பாகமும் ஓடி முடிந்தன. பாதியிலேயே அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கப்பல் முழுகியதா இல்லையா என்று அவள் கேட்கவே இல்லை.