திரையில் ஒரு குங்கும விரல்

ஊரெல்லாம் கணினிப் பேச்சாக இருந்த காலம். வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலக நடையில், மக்களே தொட்டுத் தங்கள் மனுவின் நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு திரையை வைத்தார்கள். அதற்குக் காவலாக, மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடையில் ஒரு உதவியாளர். தோளில் கிடக்கும் மஞ்சள் துணியால் நொடிக்கொரு தரம் திரையைத் துடைப்பார்.

எனக்கு முன்னால் நின்ற, அடி அண்ணாமலை கிராமத்து அம்மா ஒருவர், விதவை உதவித்தொகை மனு என்னவாயிற்று என்று பார்க்க விரலை வைத்தார்.

"கைய எடும்மா! ரேகை விழுதுல்ல? வெளிய மனு எழுதறவர்கிட்ட போய்க் கேளு."

அந்த அம்மா மனு எழுதுபவரைத் தேடி வெளியே போய்விட்டார்.

"தொடறதுக்குத்தானங்க வெச்சிருக்காங்க?" என்றேன் எரிச்சலோடு.

"ஆளாளுக்குத் தொட்டா அழுக்கு ஜாஸ்தியாவுதுங்க."

அந்த அம்மாவின் ரேகையை அழுத்தித் துடைத்தார். திரையின் மூலையில் காய்ந்திருந்த குங்குமக் கறையை மட்டும் துணி தொடாமல் சுற்றிக்கொண்டு போனது.

"அது அழுக்கில்லையா?"

"தெறப்பு விழா அன்னிக்கு அமைச்சர் வெச்ச விரலுங்க அது," என்றார் குரலைத் தாழ்த்தி.

என் எரிச்சல் இன்னும் கூடியது. ஆனால் என் முறை வந்ததும், விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்த பிறகுதான் திரையைத் தொட்டேன்.

அவர் மெச்சித் தலையாட்டினார்.