சொல்லும் விலை, விடும் விலை

திரைக்காரம்மா நாலாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. அதை அவர் மறைப்பதும் இல்லை. வருகிறவர்களிடம் முதலில் அதைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் தன் மூன்று மாடித் திரைச்சீலைக் கடையைக் கையால் காட்டுவார். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர். ஜன்னலைப் பார்த்ததுமே அகலம் சொல்வார். அளவு நாடாவைப் போட்டால் ஒரு விரற்கடை பிசகாது. பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

அவருடைய உண்மையான பெருமை விலை சொல்வதில். சொல்லும் விலை ஒன்று, விடும் விலை ஒன்று. வந்தவர் துணியைத் தொடுகிற விதத்தைப் பார்த்தே முதல் விலையைச் சொல்லுவார். அவர் பாதிக்குக் கேட்பார், இவர் நெஞ்சில் கை வைப்பார், அவர் வாசல் வரை போவார், இவர் கூப்பிடுவார். முப்பத்தோரு வருஷத்தில் அடுத்தடுத்து வந்த இரண்டு பேருக்கு ஒரே விலையில் கொடுத்ததில்லை என்று சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிரும்.

மருமகளுக்கு மாற்றல் உத்தரவு வந்தபோதுதான் இந்த ஆன்லைன் பாடம் வீட்டுக்குள் நுழைந்தது. எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்கு முதல் தேதி போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். மகன் பாதி நாள் வெளியூரில். வீட்டில் திரைக்காரம்மாவோடு சரிக்குச் சரி வாயாடுகிற ஆள் மருமகள் ஒருத்திதான். அவளை அனுப்ப அவருக்கு மனமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் மனமில்லை.

மாமியார் கடையில் பேசுவதையெல்லாம் மருமகள் போனில் படம் பிடித்து, சிறு கடை நடத்துகிறவர்களுக்கு ஆறு வாரப் பாடமாக வெட்டி ஒட்டினாள். உறுப்பினராகச் சேர்ந்தால் பாடமும் கிடைக்கும், வாரம் ஒருமுறை திரைக்காரம்மாவிடம் நேரடியாகக் கேள்வியும் கேட்கலாம்.

“ஆளுக்கு ஆயிரத்து இருநூறு அத்தை. இருபது பேர் சேர்ந்தா தைரியமா வேலையை விட்டுடுவேன்.”

“நாலாயிரம் போடு.”

“யார் தருவாங்க?”

“யாரும் தரமாட்டாங்க. இழுத்து இழுத்து ஆயிரத்து இருநூறுக்குக் கொண்டுவருவாங்க. அதுக்குத்தானே நாலாயிரம்.”

“அங்க இழுக்கறதுக்கு ஆளே கிடையாது அத்தை. பார்த்துட்டு மூடிட்டுப் போயிடுவாங்க.”

“நீ அலுவலகத்துல கணக்கு எழுதினவ. நான் வித்தவ.”

நாலாயிரம் என்றே போட்டார்கள். பத்து நாளில் அறுநூறு பேர் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சேரவில்லை.

“அறுநூறு பேர் வாசல் வரைக்கும் வந்திருக்காங்க. ஒருத்தருக்குக் கூடவா குறைச்சுக் கேக்கணும்னு தோணலை? என்ன வளர்ப்போ.” திரைக்காரம்மாவுக்கு நஷ்டத்தைவிட இதுதான் அவமானமாக இருந்தது.

விலைக்குக் கீழே தன் போன் நம்பரைப் போடச் சொன்னார். அப்புறம் பாருங்கள். காலையில் பல் தேய்க்கும்போதே மணி அடித்தது. திரைக்காரம்மா பத்து வயது குறைந்தவர் போல வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசினார். “நாலாயிரத்துக்கு நானே நஷ்டப்படறேன் தம்பி.” “சரிம்மா, உன் குரலுக்காக விடறேன், வெளிய சொல்லாதே.” வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கி, “கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்டகூட இவ்வளவு குழைஞ்சு பேசினதில்லை” என்றார். ஐந்தே நாளில் இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். மருமகள் ராஜினாமா கடிதத்தை எழுதி எடுத்து வைத்தாள்.

உறுப்பினர்களுக்கென்று மருமகள் போனில் ஒரு குழு தொடங்கிய அன்று மத்தியானமே வினை வந்தது. வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் ஒரு பெண், தான் ஆயிரத்து நூறுக்குப் பேசி முடித்த சாமர்த்தியத்தைப் பெருமையாக எழுதிவிட்டாள். அடுத்தவர் தான் கொடுத்ததை எழுதினார், அதற்கடுத்தவரும் எழுதினார். இருபத்திரண்டு பேருக்கு இருபத்திரண்டு விலை, அதில் கேக் பெண்ணுடையதுதான் குறைந்தது. சாயங்காலத்துக்குள் நாலு பேர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகினார்கள்.

“எல்லாக் கடையிலயும் நடக்கறதுதானே” என்றார் திரைக்காரம்மா.

“கடையில ஒருத்தர் போனப்புறம் அடுத்தவர் வருவார் அத்தை. இங்க எல்லாரையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சிருக்கோம்.”

யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார் திரைக்காரம்மா. 

எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவர் ஒரு செருப்புக் கடைக்காரர், மூவாயிரத்து அறுநூறு. அவர் குழுவில் எதுவும் எழுதவில்லை. திரைக்காரம்மாவே கூப்பிட்டார்.

“ஏன் தம்பி, கூடக் கொஞ்சம் அடிச்சுக் கேட்டிருக்கலாமே.”

“கேக்கத் தெரியாதும்மா. என் கடையிலயும் யார் எவ்வளவு குறைச்சுக் கேட்டாலும் கொடுத்துடறேன். அதைக் கத்துக்கலாம்னுதான் இதுல சேர்ந்தேன்.”

திரைக்காரம்மா போனை வைத்தார். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குக் குறைத்துவிட்டு, தெரியாததைக் கற்றுக்கொள்ள வந்தவனிடம் அதிகம் வாங்கியிருக்கிறார். மூட்டை சுமந்த காலத்தில்கூட இப்படி ஒரு வியாபாரம் செய்ததில்லை.

“எல்லாருக்கும் ஆயிரத்து நூறு. மிச்சத்தைத் திருப்பி அனுப்பு. பாடம் போட்டிருக்கற பக்கத்துலயும் அதையே போடு, என் நம்பரை எடுத்துடு.”

“நான் சொன்ன ஆயிரத்து இருநூறு போடலாமே அத்தை. குறைச்சா இருபது பேர் பத்தாது, இருபத்திரண்டு வேணும். இருக்கறது பதினெட்டு, முதல் தேதிக்கு மூணு நாள்தான்.”

“கேக் செய்யறவளுக்கு ஆயிரத்து நூறுக்கு நான்தானே விட்டேன்? இப்ப அவகிட்டப் போய் இன்னும் நூறு கொடுன்னு நிக்கமாட்டேன்.”

அந்த மூன்று நாளும் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. போன் அடிக்கவில்லை. கூப்பிட்டு நிறுத்த வாசலில் யாரும் இல்லை. கடையில் வந்தவர்களிடம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பேரம் பேசித் தீர்த்துக்கொண்டார். முதல் நாள் ஒருவர் சேர்ந்தார். இரண்டாம் நாள் யாருமில்லை. மருமகள் பெட்டியை மேலேயிருந்து இறக்கித் தூசி தட்டினாள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேர். மாலை ஐந்தரைக்கு இன்னொருவர்.

மருமகள் ராஜினாமா கடிதத்தை அனுப்பிவிட்டு வந்து சொன்னாள். திரைக்காரம்மா போன் திரையில் புதிதாக வந்த நாலு பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“ஒரு வார்த்தைகூடக் கேக்காமயா காசைப் போட்டாங்க?”

“ஆமா அத்தை.”

“பாவம்” என்றார். “கேட்டிருந்தா ஐம்பது குறைச்சிருப்பேன்.”