சோபா வரை வந்த நரி

லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு ஒரு நரி வரும். "நரி முகத்திலை முழிச்சால் நல்லது" என்பார் என் கணவர். அதைப் பார்த்த அன்றே மகள் கார் ஓட்டும் சோதனையில் பாஸாகிவிட, அவருக்கு நம்பிக்கை முற்றிவிட்டது. காலையில் கோழித் துண்டுகளைக் கையாலேயே ஊட்டத் தொடங்கினார்.

"காட்டு மிருகமப்பா, கவனம்" என்றேன்.

"அது எங்கடை பிள்ளை மாதிரி" என்றார்.

போன கோடையில் ஒரு ஞாயிறு. ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டுவிட்டு, சோபாவில் கையைத் தொங்கவிட்டபடி உறங்கிவிட்டார். வெக்கை தாங்காமல் பின்கதவைத் திறந்து வைத்திருந்தோம். திடீரென்று "ஐயோ!" என்று அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், கழுவியும் கறிவாசம் போகாத அவருடைய விரல்களை நரி நக்கிக்கொண்டு நிற்கிறது! என்னைக் கண்டதும் வெருண்டு, அவருடைய செருப்பொன்றைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. நல்ல காலம், பல் படவில்லை.

"நரி முகத்திலை முழிச்சிருக்கிறியள், லொத்தர் சீட்டு ஒண்டு எடுங்கோ" என்றேன்.

"விரல் அஞ்சும் இருக்கு, அந்த அதிர்ஷ்டமே காணும்" என்றார்.

இப்போது நாங்கள் தீனி போடுவதில்லை. பின்கதவையும் பூட்டியே வைக்கிறோம். நரி இன்னும் வேலியடிக்கு வருகிறது. இவர் கண்ணாடிக்கு உள்ளே நின்று அதன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார், இரண்டு கைகளையும் பொக்கற்றுக்குள் வைத்தபடி.