ராயப்பன் கல்லறையின் எண்

அபிராமபுரத்தில் நாலு வீட்டில் சமைக்கும் தெக்லாவுக்கு நவம்பர் இரண்டாம் தேதி கட்டாயம் லீவு வேண்டும். அன்று கல்லறைத் திருநாள். அரசாங்கம் ஆற்றோரக் குடிசையை இடித்து அவரைத் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். கணவர் ராயப்பனின் மண்மேட்டில் சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார். அவருக்கு முட்டிவலி. பக்கத்தில் சிலுவையில்லாத மேடு ஒன்றில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவார்.

"யாரும் வராத கல்லற, உபதேசியாரே. கோச்சிக்க மாட்டாங்க."

கோவிலில் சாமியாருக்கு உதவியாக ஜெபம் நடத்தும் உபதேசியார் நான்தான். மகதலா மரியா இயேசுவின் கல்லறையருகே அழுததை ஆண்டுதோறும் பைபிளிலிருந்து அங்கே வாசிப்பவன். திரும்பினால் உயிர்த்தெழுந்த ஆண்டவர் நிற்கிறார், அந்த அம்மாளுக்கு யாரென்று தெரியவில்லை. அதெப்படித் தெரியாமல் போகும் என்று எனக்கு எப்போதும் ஓர் எரிச்சல்.

இந்த வருடம் மெழுகுவத்தி எரியும்போதே குவைத்திலிருந்து திரும்பிய ஜெசிந்தா என்ற பெண் வந்து நின்றாள்.

"அக்கா, இது எங்கப்பா கல்லறை."

"சிலுவையில ராயப்பன்னு எழுதியிருக்கே, கண்ணு தெரியலயா?" என்று கத்தினேன். அவள் அடக்கச் சீட்டை நீட்டினாள். எண் 213. தெக்லா ஜெபப் புத்தகத்திலிருந்து தன் சீட்டை எடுத்தார். 214.

குழிவெட்டும் செம்பியன் அந்தச் சிலுவை நின்ற மேட்டின் தலைமாட்டில் மண்ணைச் சுரண்டினான். எண் கல் தெரிந்தது. 213.

2015 வெள்ளத்தில் மரச்சிலுவைகள் எல்லாம் மிதந்தன. ராயப்பனின் சிலுவையைத் தேடியெடுத்து, இதுதான் இடம் என்று அடித்துச் சொல்லி நட்டவன் நான். எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. பாவி!

"அப்ப எம்புருசன் எங்க?" என்றார் தெக்லா.

செம்பியன் அவர் உட்கார்ந்திருந்த மேட்டைப் பார்த்தான். அவர் பதறி எழுந்தார். அங்கேயும் சுரண்டினான். 214.

தெக்லா தன் புடவையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். மண் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடவில்லை.

"இன்னாய்யா, இத்தினி வருசமா உம்மேலயே குந்திக்கினு உனக்கு ஜெபம் பண்ணிக்கினு இருந்தனா?"

மேட்டின்மேல் கவிழ்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து, சிலுவையைத் தானே பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"இந்தத் தபா நம்பரப் பாத்து நடு, உபதேசியாரே."