பிரசவ வார்டுக்குள் ஒரு போன்

பிரசவ வார்டின் வாசலில் நர்ஸ் கையை நீட்டினார். வளையல், கொலுசு எல்லாம் ஏற்கெனவே அம்மாவின் பைக்குள் போயிருந்தன. பாக்கி என் கையிலிருந்த போன் மட்டும்தான்.

"போன் உள்ள கொண்டு போகக்கூடாதும்மா, குடுத்துருங்க." அவர் சொன்னது அந்தப் போனின் திரையிலேயே எழுத்தாக வந்தது.

எனக்குக் காது கேட்காது. ஆறு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பேச வரும், சத்தமாகப் பேசுகிறேனா மெதுவாகப் பேசுகிறேனா என்பதுதான் தெரியாது. எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் வசதி போனில் வந்த பிறகுதான் வெளியிடங்களுக்குத் தனியாகப் போகத் துணிந்தேன். அதுவரை அம்மாதான் எனக்காகக் கேட்பாள், எனக்காகப் பதிலும் சொல்வாள். என் பங்குக்குத் தலையாட்டுவேன். "என்ன, என்ன" என்று நாலு முறை கேட்டால் எதிராளியின் முகம் சுருங்கும். அதைப் பார்ப்பதைவிடத் தலையாட்டிவிட்டுப் போவது சுலபம்.

மூத்தவள் பிறந்தபோது வாசலில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். எல்லோர் வாயிலும் மாஸ்க். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. யாருடைய கண்ணாவது என்னைப் பார்த்தால் தலையாட்டினேன். அடுத்த பிள்ளைக்காக இரண்டு வருடம் காத்திருந்தோம். பிள்ளை வரம் கேட்டுத் தீர்த்தமலைக் கோயில் படியும் ஏறினோம். கடைசியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் சொன்னது திரையில் வந்தது: "காப்பர் டி உள்ள இருக்கே, எடுக்கவே இல்லையா நீங்க?"

அடுத்த பிள்ளை தங்காமலிருக்க அதைப் பிரசவத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். என்னுடைய எந்தத் தலையாட்டலில் அது நடந்தது? மாதக்கணக்கில் என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன். காது கேளாதவர்கள் பிரசவ வார்டுக்குள் இந்தப் போனை வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று குறைதீர் கூட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்தேன். ரசீதை மட்டும் உடனே கொடுத்தார்கள். மனு பரிசீலனையில் இருக்கும்போதே எனக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்குப் பரிசீலனை எல்லாம் தெரியுமா?

"தர மாட்டேங்க" என்றேன், வாசலில் கையை நீட்டிய நர்ஸிடம். கத்தியிருப்பேன் போல, வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"போன தடவ ஒருத்தரு வீடியோ எடுத்துட்டாங்க. எங்களத்தான் கேப்பாங்க" என்றார் நர்ஸ். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு ஆத்திரம் கூடியது. அதற்குள் வலி இடுப்பைப் பிடித்தது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா பையை விரித்து நீட்டினாள். "குடுத்துரு பாப்பா. நான்தான் கூட வரேனில்ல?" துணைக்கு ஒருவரை உள்ளே விடுவார்கள். மூத்தவள் பிறந்தபோதும் அம்மாதான் வந்தாள்.

மனுவின் நகலை நர்ஸின் கையில் திணித்தேன். "இத வாங்கிட்டா என் காத வாங்கின மாதிரிங்க. வாங்குனா நான் உள்ள வரல, இங்கயே பெத்துக்கறேன்."

நிஜமாகவே அங்கே பெற்றுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். மனுவில் பாதியைப் படித்தார். பிளாஸ்டர் சுருளை வாங்கி, துண்டு கிழித்து, போனின் முன்பக்கக் கேமராவிலும் பின்பக்கக் கேமராவிலும் ஒட்டினார். "இப்பப் போலாமா?" மூன்று மனுவில் ஆகாத வேலை இரண்டு துண்டு பிளாஸ்டரில் முடிந்தது.

போனைப் பாலித்தீன் பையில் போட்டு, குளுக்கோஸ் ஸ்டாண்டில் என் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டார்கள். 'முக்குங்க' என்று வந்தால் முக்கினேன், 'இப்ப வேணாம்' என்று வந்தால் நிறுத்தினேன். உயிர் போகிற வலிதான். ஆனாலும் இந்த முறை என்ன நடக்கிறது என்று தெரிந்தது. ஒரு கட்டத்தில் எல்லோரும் என் காலடியில் குனிந்தார்கள். திரை வெறுமையாக நின்றது. பிறகு எழுத்து வந்தது: 'அழும் ஒலி'.

பையன். துடைத்து என் மார்பில் போட்டதும் பால் குடிக்கத் தொடங்கினான். நர்ஸ் அம்மாவின் பக்கம் திரும்பினார். திரையில் வரிகள் வந்தன.

"காப்பர் டி போட்டுடலாமாம்மா?"

"போட்டுருங்க. கேட்டா அவ தலையாட்டிருவா. மூத்தவ பொறந்தப்பவும் நான் சொல்லித்தான் போட்டாங்க."

இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வீட்டில் நாங்கள் கைஜாடையில்தான் பேசிக்கொள்வோம். டாக்டரும் நர்ஸும் பேசுவதைத்தான் போன் எழுதும் என்று நினைத்திருக்கிறாள்.

"வேணாங்க" என்றேன் நர்ஸிடம். தலையை அசைக்கவில்லை. "இனிமே என்னயக் கேளுங்க." பிறகு அம்மாவைப் பார்த்தேன். "நீதானா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மாஸ்க் அசைந்தது.

"வூட்டுல ஆளில்லாதப்ப புள்ள அழுதா உனக்குக் கேக்காதேன்னுதான் பாப்பா."

கோபம் அப்படியே இருந்தது, அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. அதற்குள் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

திரையில் மறுபடியும் 'அழும் ஒலி' என்று வந்தது. பையன் என் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தான்.